கதைதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள்?

கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

ஒரு படத்தை இரண்டு தடவைக்கு மேல் பார்ப்பது வீண். கொலைகாரன் யார் என்று தெரிந்தாயிற்று, கல்யாணம் நடந்ததும் தெரிந்தாயிற்று. அப்புறம் அதில் என்ன இருக்கிறது? எங்கள் அப்பா வாரம் தவறாமல் பாட்ஷா பார்க்கிறார். யாராவது விளக்குங்கள்.

மார்ச் 4, 2023, இரவு 11.20

தம்பி, முதலில் உங்கள் அப்பாவை நிம்மதியாகப் பார்க்க விடுங்கள். பாட்ஷா 1995இல் வந்தது. அதை வாரா வாரம் பார்க்கிற அப்பாக்கள் எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மட்டும் ஒரு பஸ் நிறைய இருப்பார்கள். அவர்கள் யாரும் கதை கேட்க உட்காரவில்லை. ஆட்டோக்கார மாணிக்கம் எந்த இடத்தில் நிமிர்வார் என்று தெரிந்துகொண்டுதான் காத்திருக்கிறார்கள். பானை பொங்கும் என்று தெரிந்துதானே பொங்கலன்று எல்லோரும் அடுப்பைச் சுற்றி நிற்கிறோம்?

என் கணக்கு இதுதான். நடுவில் எங்கே நுழைந்தாலும் உட்கார வைக்கிற படம்தான் திரும்பப் பார்க்கிற படம். ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும் என்றால் அது நல்ல படமாக இருக்கலாம், இந்தக் கணக்கில் சேராது. என் பட்டியலை நாளைக்குப் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமையும் காலை ஷிப்டு.

மார்ச் 5, மாலை 4.05

முதலில் காதலிக்க நேரமில்லை, 1964. ஸ்ரீதர் படம். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை எல்லோரும் சொல்வீர்கள், அதனால் அதை விடுகிறேன். எங்கள் அப்பாவுக்கு அந்தப் படம் பிடித்த காரணம் வேறு. அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர், தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர், கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போவார். படத்தில் பாலையா எஸ்டேட் முதலாளி. வேலையை விட்டு நீக்கப்பட்ட ரவிச்சந்திரன் முதலாளி வீட்டு முன்னாலேயே கூடாரம் போட்டு, முதலாளியைப் பெயர் சொல்லிப் பாடி வேலை கேட்பார். அப்பா அந்த இடத்தில் மட்டும் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். "நம்ம துரை பங்களா முன்னால இப்படி ஒரு கூடாரம் போட்டா என்னாகும்" என்று சிரிப்பார். போட்டதில்லை. ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை, ஏதோ எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து லயத்துப் பையன் மாதிரி பேசுவார்.

அப்புறம் தில்லானா மோகனாம்பாள், 1968. இதில் கதையே தேவையில்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் சிவாஜியின் கன்னமும் போதும், கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கலாம், திறந்துகொண்டும் பார்க்கலாம். எங்கள் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற மண்டோர் ஒருவருக்கு வைத்தி என்றே பெயர் வைத்திருந்தார்கள், நாகேஷ் செய்த அந்த வைத்திதான். துரையிடம் ஒன்றும் ஆட்களிடம் ஒன்றும் பேசுவார். அவர் வருவது தெரிந்தால் பெண்கள் பால் வாளியைத் தட்டித் தவில் வாசிப்பார்கள். தன் பெயர் எப்படி வந்தது என்று தெரியாமலே ஓய்வு பெற்றார் பாவம்.

மூன்றாவது மைக்கேல் மதன காமராஜன். 1991 தீபாவளிப் படம். கிரேசி மோகன் வசனத்தில் ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு ஜோக்கு ஓடிப்போயிருக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று கிடைக்கும். பாலக்காட்டுச் சமையல்காரரின் சாம்பாரில் மீன் விழுகிற கட்டத்தை என் மகளுக்கு ஐந்து வயதில் காட்டினேன். இன்றைக்கும் கோயில் அன்னதானத்தில் சாம்பார் ஊற்றினால் கரண்டியைக் கிளறிப் பார்க்கிறாள். ஆனால் மலை உச்சியில் வீடு ஆடுகிற கடைசிக் காட்சி வந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். பிடித்த படத்தில் எல்லாமே பிடிக்க வேண்டும் என்று சட்டமா என்ன.

மார்ச் 5, மாலை 4.50

திருத்தம். பினாங்கு நண்பர் ஒருவர் தனியாகத் திட்டியிருக்கிறார், நியாயம்தான். தில்லானாவில் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். காருகுறிச்சியார் வாசித்தது கொஞ்சும் சலங்கையில், 1962இல். அவர் 1964லேயே காலமாகிவிட்டார், நான் 1968 படத்தில் வாசிக்க வைத்திருக்கிறேன்.

மைக்கேல் மதன காமராஜனும் 1990. நாற்பது தடவை பார்த்த படத்துக்கு ஆண்டு தெரியவில்லை. அதற்கும் கோலாலம்பூர்த் தம்பி சிரிப்புப் படம் போட்டிருக்கிறார். பேசாமல் இருங்கள்.

மார்ச் 7, இரவு 10.32

நேற்று முழுக்க வேலையிடத்தில் இதே யோசனை. நடுவில் நுழைவதைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, எங்கிருந்து வந்தது அந்தக் கணக்கு? ரசனையிலிருந்து வரவில்லை. எஞ்சினிலிருந்து வந்தது.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ரப்பர் தோட்டத்தில், இப்போது அங்கே முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. 1980களில் லயங்களுக்கு அரசாங்க மின்சாரம் வரவில்லை. தோட்டத்து எஞ்சின் மாலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பிக்கும், இரவு பத்துக்கு நிற்கும். மறுபடியும் விடியற்காலையில், ஆட்கள் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற நேரத்தில் கொஞ்ச நேரம் ஓடும். பத்து என்றால் பத்துதான். சிவாஜி அழுதுகொண்டிருந்தாலும் நிற்கும், ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு அது வாய்க்கு வந்து சேருவதற்குள் நிற்கும். படம் எல்லாமே எங்களுக்கு முன்பகுதிதான். முடிவை மறுநாள் காலையில் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் பஸ்ஸில் சொல்வார்கள், பாதிக்குப் பாதி பொய்.

இப்போது அம்மாவின் டேப்.

எனக்குப் பதினொரு வயது, 1987. பட்டணத்தில் வீடியோ கடை ஒன்றில் பழைய டேப்புகளைக் கழித்துவிட்டார்கள். அம்மா பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒன்று வாங்கினார். மூன்றாம் பிறை, நினைவு தப்பிய ஸ்ரீதேவியைக் கமல் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிற படம். டேப் இருந்தது, போட்டுப் பார்க்கிற மிஷின் இல்லை, அது தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான கிராணி வீட்டில்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்களும் இன்னும் நான்கு குடும்பங்களும் போனோம். சுப்பிரமணி நாய்க்குச் சிரித்தோம். கண்ணதாசன் எழுதிய அந்தத் தாலாட்டை அம்மா இரண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னார். கண்ணதாசன் சினிமாவுக்குக் கடைசியாக எழுதிய பாட்டு அது, படம் 1982இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டதில் நேரம் ஓடிவிட்டது. ஸ்ரீதேவிக்கு வைத்தியம் பலித்து, பழைய நினைவு வந்து, பெற்றவர்களை அடையாளம் தெரிந்துகொண்டார். எஞ்சின் நின்றது.

யாரும் குறைப்படவில்லை. பெண்ணுக்குக் குணமாகிவிட்டது, தாய் தகப்பன் வந்துவிட்டார்கள், அதற்கு மேல் என்ன? அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பும்போது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அந்தப் பையனுக்கே கட்டிக்கொடுத்துடுவாங்க, நன்றி கெட்டவங்க மாதிரி தெரியல."

அடுத்த வாரம் மறுபடி போட்டோம். ஸ்ரீதேவி கண் விழித்தார், அதோடு படம் போய்ப் பந்து விளையாட்டு வந்தது. மலேசியக் கிண்ணக் கால்பந்து ஆட்டம். கிராணி மகன் அந்த டேப்பில் பதிவு செய்துவிட்டான். படம்தான் முடிந்துவிட்டதே, மிச்ச இடத்தில் என்ன பதிந்தால் என்ன என்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நாங்கள் சொந்தமாக மிஷின் வாங்கினோம், டேப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் மூன்றாம் பிறை சந்தோஷமாக முடிகிற படம்.

மணி பத்தரை ஆகிவிட்டது. பத்து மணிக்குள் எழுதி முடிக்கத்தான் நினைத்தேன், பழக்க தோஷம்.

மார்ச் 8, காலை 6.10

படத்தின் உண்மையான முடிவு அம்மாவுக்குத் தெரியவே இல்லையா என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். ஆமாம், தெரிந்துவிட்டது. 1998, தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து அஸ்ட்ரோ சேட்டிலைட் டிவி தட்டு மாட்டிய வருஷம். ஒரு மதியம் அந்தப் படம் ஓடியது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். ஸ்ரீதேவி கண் விழித்ததும் எழுந்து சமையலறைக்குப் போகக் கிளம்பினார், படம் நிற்கவில்லை. கமல் காருக்குப் பின்னால் ஓடுகிறார், விழுகிறார், அடிபட்டு ரயில் நிலையத்துக்கு வருகிறார், மழையில் பானையைத் தலையில் வைத்துக் குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறார், அவள் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

அம்மா கீரையோடு நின்றுகொண்டே பார்த்தார். முடிந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போதுதான் சொன்னார்: "இது வேற படம்டா. நம்ம படம் இல்ல."

வேலைக்கு நேரமாகிறது.

மார்ச் 12, மதியம் 2.30

தொடர்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கிள்ளான் அக்கா கேட்டிருக்கிறார். பேசலாம். தொடர் என்றால் எனக்கு ஒன்றுதான், மர்மதேசத்தில் விடாது கருப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். வெள்ளைக் குதிரையில் ராத்திரி நேரத்தில் கருப்பு வரும். எங்கள் பக்கம் அதை இந்தியாவில் பார்த்த மாதிரி பார்க்க முடியாது, ஏனென்றால் எங்கள் தோட்டத்து எல்லையிலேயே முனியாண்டி நிற்கிறார், கையில் அரிவாளோடு, கண்ணாடிக் கண்ணோடு. இரவு ஷிப்டு முடிந்து செம்பனைக்கு நடுவே மோட்டாரில் வரும்போது பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது என்று ஒருவர் ஒரு மாதம் லீவு போட்டார். அது அவருடைய செயின் கவர்.

அதைப் போன வருஷம் முழுக்க மறுபடி பார்த்தேன். யார் கருப்பு என்று தெரியும், எதற்கு என்றும் தெரியும். பயம் ஒரு துளி இல்லை. ஆனால் முதல் தடவை குதிரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஊர் ஆட்கள் முகத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். யார் யார் எப்போது கண்ணைத் தாழ்த்துகிறார்கள் என்று பார்த்தால் எல்லாம் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். தம்பி, உங்கள் கேள்விக்கு இதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கதை தெரிந்தால்தான் சிலது கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படிச் சொன்னதும் என் பழைய கணக்கு இடிக்கிறது. விடாது கருப்பை நடுவில் நுழைந்து பார்க்கவே முடியாது. சரி, கணக்கை இன்னும் கொஞ்சம் யோசிக்கிறேன்.

மெட்டி ஒலியை 2020இல் மறுபடி ஒளிபரப்பினார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம், அம்மா தினமும் உட்கார்ந்தார். ஐந்து பெண்களைக் கரையேற்றும் தகப்பனைப் பார்த்துப் பார்த்து, "இந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு பொண்ணுகூடக் கரையேறலியா" என்று கேட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அழுது தீர்த்த தொடர். இந்தத் தடவை ஒரு சொட்டு இல்லை. நீளத் தொடரை ஒரு தடவைதான் பார்க்கலாம் என்பது என் கட்சி, அக்கா சண்டைக்கு வரட்டும்.

மார்ச் 12, இரவு 8.15

அக்கா சண்டைக்கு வந்தார். கோலங்களை மூன்று தடவை பார்த்திருக்கிறாராம். 2003இல் ஆரம்பித்து 2009 வரை ஓடிய தொடர் அது. நான் தோற்றேன்.

மார்ச் 19, மாலை 5.45

உள்ளூர்ப் படங்களை மறந்தேன் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறீர்கள். மறக்கவில்லை, தள்ளி வைத்திருந்தேன்.

ஜகாட், 2015. சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது. தோட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட குடும்பம், பன்னிரண்டு வயதுப் பையன். மறு வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. அதற்கு முன்னால், தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் வைப்பதா என்று பெரிய சர்ச்சை நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். படம் பிரமாதம். நான் இரண்டு தடவைக்கு மேல் பார்க்கவில்லை, இனியும் பார்ப்பேனா தெரியாது. அந்தப் பையன் அடி வாங்குகிற பிரம்பு எங்கள் வீட்டிலும் இருந்தது. நல்ல படம் வேறு, திரும்பப் பார்க்கிற படம் வேறு என்று முதல் நாளே சொன்னேன், அது இன்னும் நிற்கிறது.

செம்மண் சாலை, 2005, தீபக் குமாரன் மேனன் படம், ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தில் ஒரு பெண்ணின் மேற்படிப்பு ஆசை. அம்மாவைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினேன். இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, "காலையில எழுந்திரிச்சி பால் வெட்டப் போறதையே ஒரு படமா? அதைத்தானே முப்பது வருஷம் பாத்தேன்" என்று எழுந்து போனார். அவரைப் பொறுத்தவரை அவர் அதைப் பத்தாயிரம் தடவை பார்த்தாயிற்று.

கபாலி, ஜூலை 22, 2016. ஈப்போவில் முதல் நாள் பார்த்தேன், மருமகன் டிக்கெட் எடுத்தான். நம் ஊர், நம் பேச்சு, தோட்டத்துக் கூலிச் சண்டை எல்லாம் ரஜினி வாயால் கேட்டபோது தொண்டை அடைத்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்பா இருந்திருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். முடிவில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று திரையில் எழுத்து வந்தது. சரி என்று வீட்டுக்கு வந்தோம். இரண்டு வாரம் கழித்துச் சென்னையில் இருக்கிற சித்தப்பா மகனிடம் போனில் பேசினால், அவன் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்த வேறு ஒரு படத்தைப் பற்றிப் பேசுகிறான். அந்த எழுத்து மலேசியாவுக்கு மட்டுமாம். நான் உடனே அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, கபாலிக்கும் பந்து விளையாட்டு போட்டுட்டாங்க."

அன்றைக்கு அம்மா சிரித்த மாதிரி மைக்கேல் மதன காமராஜனுக்குக்கூடச் சிரித்ததில்லை.

ஏப்ரல் 1, இரவு 10.40

ஏப்ரல் முதல் தேதி என்பதால் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம்.

தங்கச்சி ஜொகூரிலிருந்து போன் செய்தாள். இந்தப் பக்கத்தை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் "அண்ணே, பாவம் அந்தக் கிராணி மகனை ஏன் மாட்டிவிட்ட? பதிவு பண்ணது நீதானே" என்றாள்.

இல்லை என்றேன். அவள் விடவில்லை. படம் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் டேப்பை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கிராணி வீட்டுக்கு ஓடியதாகவும், அங்கே காலி டேப் இல்லை என்று சொன்னதாகவும், அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றதாகவும் சொன்னாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளை சொல்வதை யார் நம்புவது என்று போனை வைத்துவிட்டேன்.

வைத்தபிறகு தூக்கம் வரவில்லை. பேராக் அணி கோல் போட்டது ஞாபகம் இருக்கிறது. கிராணி வீட்டு சிமெண்டுத் தரை, மண்டியிட்டிருக்கிறேன், சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தானைப் பக்கத்தில் நின்று பார்த்த ஞாபகமா, அழுத்திய ஞாபகமா என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 2, காலை 11.15

பரண் மேல் ஏறினேன். டேப் இருக்கிறது, பிஸ்கட் டின்னில். பூஞ்சை பூத்து உள்ளே வெள்ளை வெள்ளையாக இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: வீடியோ டேப்பின் முதுகுப் பக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிவு செய்ய முடியாது. கடைக்காரர்கள் எல்லோரும் உடைத்துத்தான் வைப்பார்கள். உடைத்த டேப்பில் பதிய வேண்டும் என்றால் அந்த ஓட்டையை மூடி செல்லோடேப் ஒட்ட வேண்டும். அந்தச் செல்லோடேப் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கிறது, பழுப்பேறிப்போய். அதன் அடியில் நீலத்தில் கோடு போட்ட பிளாஸ்டிக் துண்டு ஒன்று. அம்மா எனக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்த அதே பிளாஸ்டிக்.

கிராணி மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முப்பத்தாறு வருஷமாக எங்கள் வீட்டில் அவனுக்கு நல்ல பெயர் இல்லை.

இப்போது எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு எஞ்சின் நின்ற இடத்திலேயே டேப் நின்றிருக்கிறது. படம் அங்கே முடிந்தது என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். மறுநாள் அதே இடத்திலிருந்து பொத்தானை அழுத்தினேன். எதற்கு? அந்தக் கோலைத் திரும்பப் பார்க்க. வேறெதற்கும் இல்லை. கோல் விழுந்ததை மறுபடி காட்டுவார்கள், அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் வேண்டும்போதெல்லாம் பார்க்கலாம் என்று.

ஏப்ரல் 2, இரவு 9.20

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எழுபத்தெட்டு வயது, இனி அடிக்க மாட்டார் என்ற தைரியம். "எனக்குத் தெரியும்" என்றார். அன்றைக்கே தெரியுமாம், புத்தகப் பிளாஸ்டிக் குறைந்திருந்ததாம்.

பிறகு ஏன் கிராணி மகனைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். "அவங்க அப்பாவைத் திட்ட முடியாதே" என்றார்.

ஏப்ரல் 23, ராயா (நோன்புப் பெருநாள்) இரண்டாம் நாள்

மூன்று வாரமாக எழுதவில்லை, டேப் எங்கே என்று கேட்டவர்களுக்கு: ஈப்போவில் பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிற ஒருவரிடம் இருக்கிறது. எண்பது வெள்ளி. டேப்பே வாங்கியபோது பதினைந்து வெள்ளிதான்.

இடைவேளையில் பழைய மலாய்ப் பட நடிகர் பி. ரம்லி. ராயா என்றால் டிவியில் பி. ரம்லி உண்டு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாச்சிக், கொடுத்த மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோற்றைப் பிட்டுப் போட்டுக்கொண்டு அம்மா தீகா அப்துல் பார்த்தார், 1964 படம். கோபப்பட்டவன் அடிமையாகப் போக வேண்டும் என்ற பந்தயம்தான் கதை, அவன் இவனைச் சீண்ட இவன் பல்லைக் கடிக்க. எங்கள் வீட்டில் கேரம் ஆட்டத்தில் யார் முகம் சிவந்தாலும் "மாராவா?" (கோபமா?) என்று கேட்பது இந்தப் படத்திலிருந்து வந்தது. அம்மாவின் மலாய் சந்தை மலாய்தான், ஆனால் ஜோக்குக்கு அரை நொடி முன்னால் சிரித்துவிடுகிறார். ரம்லியை முதலில் நடிக்கக் கூட்டிவந்தவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், முதலில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள். அதனால்தானோ என்னவோ அழுகைக் கட்டங்களில் நம் படம் பார்க்கிற மாதிரியே இருக்கும். இல்லை, இது நானாகச் சொல்வது. அழுகை எல்லா ஊரிலும் அழுகைதான்.

கோலாலம்பூர்த் தம்பி ராயா லீவில் அப்பாவோடு உட்கார்ந்து பாட்ஷாவை முழுக்கப் பார்த்தாராம். "ரகுவரன் வருகிற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் தடவையா மூன்றாம் தடவையா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஏப்ரல் 30, இரவு 9.50

பென் டிரைவ் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் தங்கச்சியும் வந்திருந்தாள். கோடு கோடாக, நிறம் மங்கி, நடுநடுவே குரல் நீரில் பேசுகிற மாதிரி, ஆனால் ஓடுகிறது. தாலாட்டு வரும் இடத்தில் படம் அதிகமாக ஆடுகிறது. அங்கேதான் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று ஈப்போக்காரர் சொன்னார்.

நல்ல பிரதி போனிலேயே இருக்கிறது, முடிவோடு. அதைப் போடட்டுமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஸ்ரீதேவி கண் விழித்தார். ஒரு வெள்ளைக் கோடு. மஞ்சள் சட்டை ஆட்கள் ஓடுகிறார்கள். மறுபடி காட்டிய கோல் இரண்டு நொடி தப்பி, நான் பொத்தானை அழுத்துவதற்கு முன்னாலேயே போய்விட்டது. வலைக்குள் கிடக்கிற பந்து மட்டும்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம் எதிரணி ஒன்று திருப்பிப் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. யாரோ ஒருவர் கார்னர் அடிக்கப் பந்தை வைத்தார், இரண்டு அடி பின்னால் போனார், திரை கறுத்தது.

பத்து மணி. எஞ்சின்.

அம்மா கொஞ்ச நேரம் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தங்கச்சி பக்கம் திரும்பி, "யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்டார்.